தீர்மான நோட்டில் வெற்றிடம் விடாதீர்கள்

கிராம சபை முடிந்து கூட்டம் கலையும்போது ஊராட்சி செயலரின் கையில் இரண்டு நோட்டுகள் இருக்கும். ஒன்று வந்தவர்கள் கையெழுத்துப் போட்டது. இன்னொன்று தீர்மானப் பதிவேடு. முதல் நோட்டு நிறைந்திருக்கும். இரண்டாவது பல ஊர்களில் காலியாகவே இருக்கும். "நான் எழுதிக்கிறேன், நீங்க கிளம்புங்க" என்பார் செயலர். அதில் கெட்ட எண்ணம் இருக்க வேண்டும் என்பதில்லை. வெயில் ஏறியிருக்கும், கூட்டத்தைக் கவனிக்க அரசு அனுப்பும் பற்றாளருக்கு அடுத்த ஊர் காத்திருக்கும், சாப்பாட்டு நேரம் தாண்டியிருக்கும். ஆனால், "தலைவர் சொன்னதைச் செய்யலை" என்று அடுத்த ஆறு மாதம் டீக்கடையில் பேசப்படும் பேச்சு அந்தக் காலிப் பக்கத்தில்தான் பிறக்கிறது. என்ன சொன்னார், யார் கேட்டார், எந்தத் தேதிக்குள் முடிப்பதாக ஒப்புக்கொண்டார் என்று எழுத்தில் எதுவும் இல்லை. எழுத்து இல்லாதபோது நல்ல தலைவர்மேலும் சந்தேகம் வருகிறது, கெட்ட தலைவரும் தப்பிக்கிறார்.

ஓட்டு வாங்கிப் போனவர் திரும்பிப் பார்க்கவில்லை என்ற குறை நாடாளுமன்ற உறுப்பினர் முதல் வார்டு உறுப்பினர் வரை எல்லோர்மீதும் உண்டு. ஆனால் எம்.பி.யையும் எம்.எல்.ஏ.வையும் எதிரே உட்காரவைத்துக் கணக்குக் கேட்பதற்கென்று வாக்காளருக்குச் சட்டப்படியான ஒரு கூட்டம் கிடையாது. ஊராட்சித் தலைவர் விஷயத்தில் மட்டும் இருக்கிறது. 73-வது அரசியலமைப்புத் திருத்தம் 24-4-1993 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 243ஏ பிரிவு கிராம சபையை அரசியலமைப்பிலேயே ஏற்றியது. தமிழ்நாட்டில் அதற்கு உருவம் கொடுத்தது 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின் 3-வது பிரிவு. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அந்தச் சபையின் உறுப்பினர். யாரும் அழைக்க வேண்டியதில்லை, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்கள் நெடுங்காலமாக உள்ளவை. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளும், நவம்பர் 1 உள்ளாட்சிகள் நாளும் பின்னால் சேர்ந்தன. ஆண்டுக்கு ஆறு முறை. சட்டத்தில் உள்ள குறைந்தபட்சம் ஆண்டுக்கு இரண்டு கூட்டம்தான்; ஒரு கூட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஆறு மாதத்துக்கு மேல் போகக்கூடாது.

கையெழுத்து

முதலில் குறைவெண்வரம்பு, அதாவது கூட்டம் செல்ல எத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கு. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 501 முதல் 3,000 வரை 100 பேர், 3,001 முதல் 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். இந்த எண்ணிக்கை எட்டாவிட்டால் கூட்டத்தை ஒத்திவைக்க வேண்டும். ஆகவே அன்று காலை செயலருக்கு இருக்கும் பெரிய கவலை கையெழுத்துதான். நூறு நாள் வேலைக்கு வரும் பெண்களை வரிசையாக நிறுத்தி, கூட்டம் தொடங்கும் முன்பே கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிவிட்டால் எண்ணிக்கை தேறிவிடும். அந்தப் பெண்களில் பாதிப்பேர் கூட்டத்தில் உட்காரக்கூட மாட்டார்கள். எந்தத் தீர்மானத்துக்கு ஒப்புதல் கொடுத்தோம் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

இதைச் சண்டை போடாமல் சரிசெய்ய வழி இருக்கிறது. கூட்டம் தொடங்கும்போதே ஒருவர் எழுந்து, "வருகைக் கையெழுத்து இப்போ போடுறோம். தீர்மானம் ஒவ்வொன்றையும் எழுதி, படிச்சுக் காட்டின பிறகு அதுக்குக் கீழேயும் கையெழுத்து வாங்குங்க" என்று கேட்க வேண்டும். தலைவர் மறுக்க இதில் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு தீர்மானத்துக்கும் எண் போடச் சொல்லுங்கள். கடைசித் தீர்மானத்துக்குக் கீழே குறுக்காக ஒரு கோடு இழுத்து, அதற்குக் கீழே தலைவரும் பற்றாளரும் கையெழுத்திட வேண்டும். கோட்டுக்கு மேலேயோ பக்கங்களுக்கு நடுவிலேயோ ஒரு வரி எழுதும் அளவுக்கு இடம் இருந்தாலும் அதையும் அடித்துவிடச் சொல்ல வேண்டும். பிறகு கைப்பேசியில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் எடுத்தால் கண்ணை உறுத்தும். நான்கு பேர் எடுத்தால் அது வழக்கமாகிவிடும். இரண்டு கூட்டங்களில் இதைச் செய்த ஊரில் மூன்றாவது கூட்டத்துக்குச் செயலரே கோடு போட அளவுகோலோடு வருவார்.

கைநாட்டு வைப்பவர்களுக்குத் தீர்மானத்தை வாசித்துக் காட்ட ஒருவர் பொறுப்பேற்பது நல்லது. கல்லூரிக்குப் போகும் பெண்பிள்ளை ஒருத்தி இதைச் செய்தால், கூட்டத்தில் பேசத் தயங்கும் அவளுக்கும் சபையில் ஓர் இடம் கிடைக்கிறது.

கூட்ட அறிவிப்பு ஏழு நாட்களுக்கு முன்பே வர வேண்டும். இடமும் நேரமும் அதில் இருக்க வேண்டும். தண்டோரா போடுவதை 2022-இல் அரசு நிறுத்திவிட்டது. அது சரியான முடிவு, அந்தப் பறையை யார் தோளில் சுமத்தினார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். இப்போது ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ, அறிவிப்புப் பலகை, வாட்ஸப் குழு. மதம் சார்ந்த வளாகத்தில் கூட்டம் நடத்தக்கூடாது என்று அரசு ஒவ்வொரு முறையும் அறிவுறுத்துகிறது. கோயில் மண்டபத்தில் நடந்தால் ஊரின் ஒரு பாதி உள்ளே வராது. வராதவர்களின் தெருவில் சாக்கடை ஓடிக்கொண்டே இருக்கும். தாய்க்கிராமத்திலேயே எப்போதும் நடத்தாமல் குக்கிராமங்களுக்கும் சுற்றிவர வேண்டும் என்பதையும் கேளுங்கள்.

கணக்கு

நம்பிக்கை என்ற பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் பணத்தில் வந்து நிற்கும். கிராம சபையின் பார்வைக்கு வைத்து ஒப்புதல் பெற வேண்டிய ஆண்டு வரவு-செலவு அறிக்கைக்குப் பெயர் படிவம் 30. இதை வாசிக்கும்போது பெரும்பாலும் "மொத்த வரவு இவ்வளவு, மொத்தச் செலவு இவ்வளவு" என்று இரண்டே வரியில் முடித்துவிடுவார்கள். அந்த இரண்டு வரியை வைத்து எந்தக் கேள்வியும் கேட்க முடியாது. தலைப்பு வாரியாக வாசிக்கச் சொல்லுங்கள். முதலில் பார்க்க வேண்டியது, போன ஆண்டின் இறுதி இருப்பும் இந்த ஆண்டின் தொடக்க இருப்பும் ஒன்றாக இருக்கின்றனவா என்பது. இவை ஒத்துப்போகாவிட்டால் வேறு எதையும் பார்ப்பதற்கு முன் அதற்கு விளக்கம் வாங்க வேண்டும்.

ஊராட்சிக்கு ஒரே பணப்பெட்டி என்று நினைப்பதுதான் பாதிச் சண்டைக்குக் காரணம். வீட்டுவரி, தொழில்வரி, குடிநீர்க் கட்டணம், மாநில நிதிக்குழு மானியம் போன்றவை ஒரு பக்கம். ஒன்றிய அரசின் நிதிக்குழு மானியம் இன்னொரு பக்கம். 15-வது நிதிக்குழு மானியத்தில் 2021-22 முதல் 2025-26 வரை 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்றே கட்டிவைக்கப்பட்ட பணம். "அக்கவுண்ட்ல பணம் கிடக்குது, எங்க தெருவுக்கு ரோடு போட மாட்டேங்கிறார்" என்று தலைவரைத் திட்டுகிற ஊர்களில், கிடக்கும் பணம் சாலைக்குத் தொடவே முடியாத பணமாக இருக்கலாம். எந்தப் பணம் எதற்கு என்று ஒரு தாளில் எழுதி அலுவலகச் சுவரில் ஒட்டினாலே பல தலைவர்கள் பாதித் திட்டிலிருந்து தப்பலாம். அதை ஒட்டாமல் இருப்பவர்கள் தங்களுக்குத் தாங்களே கெடுதல் செய்துகொள்கிறார்கள்.

வரியைப் பற்றிக் கேட்க வேண்டிய மூன்று சொற்கள்: கேட்பு (வர வேண்டிய மொத்த வரி), வசூல், நிலுவை. ஊரில் மொத்தம் எத்தனை வீடு, கேட்பு எவ்வளவு, வசூலானது எவ்வளவு, யாருடைய நிலுவை பெரியது. நிலுவைப் பட்டியலின் மேல்வரிகளில் திருமண மண்டபம், செங்கல் சூளை, செல்போன் கோபுரம் போன்றவை இருக்கின்றனவா என்று பாருங்கள். குடிசைக்காரரிடம் கறாராக வாங்கிவிட்டுப் பெரிய கட்டடத்தை விட்டுவைத்தால் அதைச் சபையில் பேச வேண்டும். வரி கட்டுவது இப்போது இணையவழிக்கு மாறிவிட்டதால் கையால் எழுதிய துண்டுச்சீட்டை ரசீதாக ஏற்காதீர்கள்.

இப்போது கேள்வி தயாரிப்பது. "தண்ணியில குளோரின் போடுறதே இல்லை" என்று கூட்டத்தில் கத்தினால், "தினமும் போடுறோம்" என்று பதில் வரும், பேச்சு முடிந்தது. அதையே கணக்காகக் கேட்டுப் பாருங்கள். 1,000 லிட்டர் தண்ணீருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது வழக்கமான அளவு. ஊரில் 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டிகள் இரண்டு, நாளைக்கு இரண்டு முறை நிரப்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தொட்டிக்கு ஒரு தடவைக்கு 120 கிராம். நாளைக்கு 480 கிராம், மாதத்துக்கு 14 கிலோவுக்குச் சற்று மேல். 25 கிலோ மூட்டை ஒன்று ஏறத்தாழ 52 நாள் வரும். ஆண்டுக்கு ஏழு மூட்டை. இருப்புப் பதிவேட்டில் ஆண்டுக்கு இரண்டு மூட்டைதான் வாங்கியதாக இருந்தால் தண்ணீரில் மருந்து சேரவில்லை. முப்பது மூட்டைக்கு பில் இருந்தால் சாக்கடைக்கும் தெருவுக்கும் தூவியது போக மீதி எங்கே என்று கேட்கலாம். ஏழு மூட்டையை ஒட்டி இருந்தால் டேங்க் ஆபரேட்டரை நம்பலாம். இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டு போகிறவரைக் கிண்டல் செய்து உட்காரவைக்க முடியாது.

ஒரு வேளை அளவு சரியாகவே இருந்தும் வியாதி வருகிறதென்றால், மூட்டை பிரித்து ஈரத்தில் கிடந்து வீரியம் போயிருக்கலாம், அல்லது தொட்டியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போதே தெருவுக்குத் திறந்துவிட்டிருக்கலாம். கலக்கிய பிறகு அரைமணி நேரமாவது விட வேண்டும். கடைசித் தெருக் குழாயில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். சொட்டுமருந்து ஊற்றி நிறம் பார்க்கும் சிறு சோதனைப் பெட்டி இதற்குப் போதும், சபைக்கு முன்னாலேயே சோதித்துக் காட்டச் சொல்லலாம்.

தெருவிளக்கும் இப்படித்தான். கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு இரண்டு பேர் இரவு எட்டு மணிக்குத் தெருத்தெருவாக நடந்து கம்பங்களை எண்ணுங்கள். எரிவது எத்தனை, எரியாதது எந்தெந்தக் கம்பம் என்று கம்ப எண்ணோடு எழுதுங்கள். ஊரில் 110 விளக்குதான் என்னும்போது ஓர் ஆண்டில் 200 விளக்கு வாங்கிய பில் இருந்தால் கேள்வி தானாகவே வந்துவிடும்.

சிமென்ட் சாலைக்கு ஒரு நாள் பார்வை போதாது. பணியிடத்தில் திட்டத்தின் பெயர், மதிப்பீடு, தொடங்கிய நாள் எழுதிய பலகை இருக்க வேண்டும். இல்லையென்றால் முதல் கேள்வி அதுதான். 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 செ.மீ. கனம் என்றால் கான்கிரீட் 45 கன மீட்டர். கனத்தில் 3 செ.மீ. குறைந்தால் 36 கன மீட்டர்தான் ஆகும். ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போகிறது. கான்கிரீட் போட்ட பிறகு ஓரத்தை அளந்தால் 15 செ.மீ. சரியாகவே காட்டும், ஏனென்றால் கான்கிரீட்டைத் தாங்க ஓரத்தில் அடிக்கும் பலகை அந்த உயரம்தான். குறை நடுவில் இருக்கும்: அடியில் மண்ணோ ஜல்லியோ மேடாக விடப்பட்டிருக்கும். ஆகவே கான்கிரீட் கொட்டும் நாளுக்கு முன்பே இரண்டு பக்கப் பலகைக்கும் குறுக்கே நூல் கட்டி, நூலிலிருந்து தரைவரை மூன்று நான்கு இடங்களில் அளந்து படம் எடுத்துவிட வேண்டும். போட்ட பிறகு பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துகிறார்களா என்று இரண்டு வாரம் பாருங்கள். முதல் கோடையில் பொரிந்து போகும் சாலைகளில் சிமென்ட் திருட்டைவிடத் தண்ணீர் விடாத சோம்பல் அதிகம். அளவுப் புத்தகத்தில் பொறியாளர் எழுதிய அளவின் நகலை நீங்கள் அளந்ததோடு ஒப்பிடலாம்.

ஊராட்சிக் கணக்கைத் தணிக்கை செய்பவர் ஒன்றியத்தில் உள்ள துணை வட்டார வளர்ச்சி அலுவலர். தணிக்கை அறிக்கையையும் சபையில் வைக்க வேண்டும். "தணிக்கைத் தடை (தணிக்கையில் எழுப்பிய ஆட்சேபம்) ஏதாவது நிலுவையில் இருக்கா?" என்ற ஒரு கேள்வியை ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது கேட்டுக்கொண்டே இருங்கள்.

யார் கேட்பது என்பது எதைக் கேட்பது என்பதற்குக் குறைவானதல்ல. தோற்ற வேட்பாளர் எழுந்து பிளீச்சிங் பவுடர் கணக்குக் கேட்டால், ஊர் அதைத் தேர்தல் பகையாகத்தான் காதில் வாங்கும். ஒரே சாதியைச் சேர்ந்த ஐந்து பேர் கேட்டால் அது சாதிச் சண்டையாகிவிடும். தண்ணீரைப் பற்றிக் குடத்தோடு நிற்கும் பெண் கேட்கட்டும். விளக்கைப் பற்றி இரவு வேலை முடிந்து வருபவர் கேட்கட்டும். கணக்கைப் பற்றி ஊருக்குப் பொதுவான ஓய்வுபெற்ற ஆசிரியர் கேட்கட்டும். மூன்று தெருவிலிருந்து மூன்று பேர். கேள்வியைக் கூட்டத்துக்கு முன்பே எழுதித் தலைவரிடம் கொடுத்துவிடுவது இன்னும் நல்லது. திடீரென்று கேட்டால் அவர் அவமானமாக எடுத்துக்கொள்வார், பதில் கோபமாக வரும். முன்பே கொடுத்தால் பதிலோடு வருவார். வராவிட்டால் அந்த மௌனத்தையும் தீர்மான நோட்டில் எழுதலாம்.

தீர்மானம்

"குடிநீர்ப் பிரச்சினையை உடனடியாகத் தீர்க்க வேண்டும் எனச் சபை கேட்டுக்கொள்கிறது." இப்படி எழுதிய தீர்மானங்கள் ஒன்றிய அலுவலகங்களில் கட்டுக்கட்டாகத் தூங்குகின்றன. இதைக் கையில் வாங்கும் அலுவலரால் எதுவும் செய்ய முடியாது. எந்தத் தெரு, என்ன வேலை, எந்த நிதி, யார் பொறுப்பு என்று எதுவும் இல்லை. இதையே இப்படி எழுதலாம்: "கிழக்குத் தெருவில் தொட்டியிலிருந்து கடைசி வீடு வரை உள்ள பழைய குழாய் நான்கு இடங்களில் உடைந்துள்ளதால் கடைசி 22 வீடுகளுக்குத் தண்ணீர் ஏறவில்லை. ஏறத்தாழ 180 மீட்டர் குழாயை நிதிக்குழு மானியத்தின் குடிநீர்ப் பங்கிலிருந்து மாற்ற மதிப்பீடு தயாரித்து, 30 நாட்களுக்குள் ஒன்றியப் பொறியாளர் மூலம் தொழில்நுட்ப அனுமதி பெறத் தலைவரைச் சபை கேட்டுக்கொள்கிறது. நடவடிக்கை விவரம் அடுத்த கிராம சபையில் முதல் பொருளாக வைக்கப்பட வேண்டும்." இடம், அளவு, நிதி, பொறுப்பு, நாள். இந்த ஐந்தும் இருந்தால் அதைக் கிடப்பில் போடுபவர் காரணம் எழுத வேண்டிவரும்.

தீர்மானம் தோற்பதற்கு இன்னொரு பெரிய காரணம், ஊராட்சியின் கையில் இல்லாததை ஊராட்சியிடம் கேட்பது. நெடுஞ்சாலையோரப் பள்ளம் நெடுஞ்சாலைத் துறைக்கு. பட்டா, புறம்போக்கு எல்லாம் வருவாய்த் துறைக்கு. சாய்ந்த மின்கம்பம் மின்வாரியத்துக்கு. கண்மாயில் 40 ஹெக்டேருக்கு மேல் பாசனம் பெறுவது நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். இவற்றுக்கெல்லாம் தீர்மானம் போடலாம், போட வேண்டும். ஆனால் "இன்ன துறைக்கு அனுப்பி, அனுப்பிய நகலைச் சபையில் வைப்பது" என்பதுதான் தலைவரின் வேலை. அதைத் தாண்டி அவரைத் திட்டுவது நியாயமில்லை. அனுப்பினாரா இல்லையா என்பதை மட்டும் கெட்டியாகப் பிடியுங்கள்.

அடுத்த கூட்டம் வரை எதுவும் நகரவில்லை என்றால் எழுத்து வேலைதான் மிச்சம். தகவல் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1). பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, ஒன்றிய அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒப்புகையோடு விரைவு அஞ்சலில் அனுப்புங்கள். வேறு அலுவலரிடம் இருக்கும் தகவல் என்றால் ஐந்து நாளுக்குள் அவருக்கு மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் கடமை. "ஏன் வேலை நடக்கவில்லை?" என்று கேட்காதீர்கள், ஏன் என்பதற்குப் பதில் தரக் கடமையில்லை என்று தட்டிவிடுவார்கள். ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: இன்ன நிதியாண்டின் இருப்புப் பதிவேட்டின் நகல், இன்ன பணியின் அளவுப் புத்தகப் பக்கங்கள், இன்ன தேதித் தீர்மானத்தின்மீது எடுத்த நடவடிக்கைக் கடிதங்களின் நகல். ஒரு மனுவில் ஒரு விஷயம். பத்து விஷயத்தைச் சேர்த்தால் எளிதான இரண்டுக்குப் பதில் தந்து கோப்பை மூடிவிடுவார்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு; அதுவும் பலிக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். நகல் வாங்கக் காசில்லாதவர்கள் நேரில் போய் ஆவணத்தைப் பார்வையிடலாம். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணமில்லை. தனியாகப் போகாதீர்கள், இரண்டு பேராகப் போங்கள்.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாள் மனுவும் 1100 என்ற உதவி எண்ணும் உதவும். ஆனால் அவற்றில் தீர்மான எண்ணையும் தேதியையும் குறிப்பிடாவிட்டால் அது தனி ஒருவரின் புகாராகவே கருதப்படும். குறிப்பிட்டால் ஒரு சபையின் முடிவு.

நாற்காலியில் யார்

தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடங்கள் 2016-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு பெண்களுக்கு. ஆயினும் எத்தனை அலுவலகங்களில் "தலைவர் வராரு" என்றதும் கணவர் வருகிறார்! கூட்டத்தில் அவர் மைக்கைப் பிடிப்பார், தலைவர் பக்கத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார். கூடவே இன்னொரு ஆபத்தும் வந்திருக்கிறது: பணம் விடுவிக்கும் மின்னணுக் கையெழுத்துக் கருவியும் கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவு எண்ணும் கணவரிடமோ ஒப்பந்ததாரரிடமோ போய்விடுகின்றன. பிறகு ஒரு நாள் தணிக்கையில் மாட்டும்போது பொறுப்பேற்று நிற்க வேண்டியவர் அந்தப் பெண்தான். அவருக்கு இதை யாராவது நேராகச் சொல்ல வேண்டும்.

சபையில் இருப்பவர்கள் செய்யக்கூடியது: கேள்வியைத் தலைவரைப் பார்த்தே கேளுங்கள். கணவர் பதில் சொன்னால், "தலைவர் சொல்லட்டும், காத்திருக்கோம்" என்று சொல்லிவிட்டு உண்மையிலேயே காத்திருங்கள். அந்த அரை நிமிட அமைதி கடினமாகத்தான் இருக்கும். முதல் தடவை ஒரு வரி பேசுவார்; மூன்றாவது கூட்டத்தில் கணக்கை அவரே வாசிப்பார். பெண் கேள்வி கேட்டால் பெண் தலைவர் பதில் சொல்வது எளிது. அதனால் மகளிர் குழுக்களில் பேசிப் பழகிய பெண்களை முன்வரிசையில் உட்காரச் சொல்லுங்கள். மறைமலைநகரில் உள்ள மாநில ஊரக வளர்ச்சி நிறுவனத்தின் பயிற்சிகளுக்கு அவரே போய்வருகிறாரா என்றும் கேட்கலாம்.

தலித் தலைவர்கள் விஷயத்தில் ஊர் இன்னும் பெரிய கடன்பட்டிருக்கிறது. மதுரை மாவட்டம் மேலவளவில் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் அவரோடிருந்தவர்களும் 30-6-1997 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய, தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட தனி ஊராட்சிகளில் 1996-லிருந்து பத்தாண்டுகள் தேர்தல் நடக்கவிடவில்லை. நடந்தாலும் வென்றவரை உடனே ராஜினாமா செய்யவைத்தார்கள். 2006-இல்தான் அங்கே தலைவர்கள் பதவியில் உட்கார முடிந்தது. 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலைவராக இருந்த பெண்ணைக் கூட்டத்தில் தரையில் உட்காரவைத்த படம் வெளியாகி நாடே பார்த்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-இல் சேர்த்த பிரிவுகளின்படி, பட்டியல் சாதி, பழங்குடித் தலைவரையோ உறுப்பினரையோ அவர் பணியைச் செய்யவிடாமல் மிரட்டுவதும் தடுப்பதும் தனிக் குற்றம். ஆகஸ்ட் 15 காலையில் கொடியேற்றுவது யார், நடு நாற்காலியில் உட்கார்ந்திருப்பது யார் என்று பாருங்கள். தலைவர் நிற்க, மற்றவர்கள் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் முதல் பேச்சே அதைப் பற்றியதாக இருக்கட்டும்.

பதவியை ஏலம் விடும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன. கோயில் திருப்பணிக்கு இத்தனை லட்சம் தருபவரைப் போட்டியின்றித் தேர்ந்தெடுப்பது. 2019 தேர்தலில் தலைவர் வேட்பாளருக்கு அனுமதிக்கப்பட்ட செலவு வரம்பு 34,000 ரூபாய், வார்டு உறுப்பினருக்கு 9,000. லட்சங்கள் கொடுத்து வந்தவர் அந்தப் பணத்தை எங்கிருந்து திரும்ப எடுப்பார் என்பதைக் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிடும்போதும் யோசிக்க வேண்டும். அவரிடம் கணக்குக் கேட்டால், "காசு குடுத்து வாங்கினது" என்று முகத்துக்கு நேரே சொல்வார். ஏலம் நடந்த ஊரில் ஐந்தாண்டுக்கு யாருக்கும் கேட்கும் வாய் இருக்காது. ஏலப் பேச்சு தொடங்கும்போதே தேர்தல் நடத்தும் அலுவலருக்கும் ஆட்சியருக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். முடிந்த பிறகு நிரூபிப்பது மிகக் கடினம்.

மோசமான தலைவரை இடையில் நீக்க முடியுமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். வாக்காளர்களே திரும்ப அழைக்கும் ஏற்பாடு தமிழ்நாட்டுச் சட்டத்தில் இல்லை. பிரிவு 205-இன்படி ஆட்சியர் தாமாகவோ, ஊராட்சியின் வார்டு உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாதோர் குற்றச்சாட்டுகளோடு கையெழுத்திட்டுக் கொடுத்தாலோ நடவடிக்கை தொடங்கலாம். தலைவரிடம் விளக்கம் கேட்டு, வட்டாட்சியர் கூட்டம் நடத்தி உறுப்பினர்கள் கருத்தைப் பதிந்த பிறகு ஆட்சியர் முடிவெடுப்பார். வெறும் கையெழுத்து எண்ணிக்கையில் இது நிற்காது. இடையில் ஒரு படி தவறினாலும் நீதிமன்றத்தில் உத்தரவு விழுந்துவிடும். தீர்மான நோட்டின் படங்களும் தகவல் உரிமையில் வாங்கிய நகல்களும் இங்கேதான் உயிர்கொடுக்கும். எதிர்த்தரப்பு உறுப்பினர்கள் பங்கு கிடைக்காத கோபத்தில் இந்தப் பிரிவைத் தூக்குவதும் உண்டு. துணைத்தலைவர் பணம் விடுவிக்கச் சேர்ந்து கையெழுத்திட மறுத்து, மாதக்கணக்கில் துப்புரவுப் பணியாளர் சம்பளம் நிற்பதும் அதே காரணத்தால்தான். அப்போது சபை தலைவரின் பக்கம் நின்று, கையெழுத்து அதிகாரத்தை மாற்றித்தர ஆட்சியரைக் கேட்டுத் தீர்மானம் போட வேண்டும்.

தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாமல் அரசு அலுவலரே ஊராட்சியை நடத்தும் தனி அலுவலர் காலம் இதெல்லாவற்றையும் குலைத்துப்போடுகிறது. 2016 இறுதியிலிருந்து 2019 முடிய அப்படித்தான் போனது. 2019-இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 5-1-2025 அன்று முடிந்தபோதும் 28 மாவட்டங்களின் ஊராட்சிகள் மறுபடி தனி அலுவலர் கைக்குப் போயின. பதவிக்காலம் முடிவதற்குள் தேர்தலை முடித்துவிட வேண்டும் என்று 243இ பிரிவு சொல்கிறது. ஒரு வட்டார வளர்ச்சி அலுவலர் நாற்பது ஊராட்சிக்குத் தலைவராக இருந்தால் எந்தத் தெரு விளக்கைப் பற்றி அவருக்குத் தெரியும்? ஓட்டுக் கேட்டு வராதவரிடம் ஓட்டைக் காட்டிக் கேட்கவும் முடியாது.

அந்தக் காலத்திலும் கிராம சபை உண்டு, படிவம் 30 உண்டு, தீர்மானப் பதிவேடு உண்டு. வருகை குறைந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் முதல் வேலை. ஊரில் ஒரு கோப்பு தொடங்குங்கள்: ஒவ்வொரு கூட்டத்தின் தீர்மானப் படங்கள், படிவம் 30 நகல், கம்ப எண் பட்டியல், தொட்டிகளின் கொள்ளளவு, நிலுவைத் தீர்மானங்களின் எண்ணும் தேதியும். இரண்டு வீடுகளில் இரண்டு பிரதி. புதிய தலைவர் பொறுப்பேற்றதும் வரும் முதல் கிராம சபையில் மாலை, சால்வைக்கு முன் அதில் ஒரு பிரதியை அவர் கையில் கொடுத்து, பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்து வாங்கிவிடுங்கள்.